டெஸ்க்டாப்பை விட்டுப் போகாத ஃபைலை நீக்குவது எப்படி?

டெலீட் அழுத்தினால் போக வேண்டிய ஐகான் போகவில்லை. அல்லது போன மாதிரி போய், கணினியை மறுபடி திறந்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கணினிக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இந்தத் தொல்லையைப் பற்றித்தான். நானும் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். அழிக்கப் போகும்போது திரையில் என்ன எழுதி வருகிறது? அந்த ஐகான் உண்மையில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. விடை தெரியாமலே கண்ட கட்டளைகளை அடிப்பவர்களும், எங்கிருந்தோ ஒரு மென்பொருளை இறக்கி ஓட்டுபவர்களும்தான் வேண்டிய ஃபைலையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள்.

கீழே சொல்பவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மேக் வைத்திருப்பவர்களுக்கும் இடையில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

டெஸ்க்டாப் ஒரே இடம் இல்லை

திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும், டெஸ்க்டாப்பில் இருப்பவை வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. முதலாவது, உங்கள் பெயரில் இருக்கும் பயனர் ஃபோல்டருக்குள் உள்ள டெஸ்க்டாப் ஃபோல்டர். நீங்கள் சேமிப்பவை இங்கேதான் போகும். இரண்டாவது, பப்ளிக் என்ற பொதுப் பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்னொரு டெஸ்க்டாப் ஃபோல்டர். கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும் தெரிய வேண்டும் என்று மென்பொருள்கள் போடும் ஐகான்கள் இங்கே இருக்கும். மூன்றாவது வகை எந்த ஃபோல்டரிலும் இல்லாதது. ரீசைக்கிள் பின், திஸ் பிசி போன்றவை ஃபைலே அல்ல. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டைப் பார்த்து வரைந்து காட்டும் படங்கள் அவை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மறைந்திருக்கும் சிஸ்டம் ஃபைல்களைக் காட்டும்படி யாராவது அமைப்பை மாற்றிவிட்டால், டெஸ்க்டாப்பில் மங்கலாக 'டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ' என்ற ஃபைல் வந்து நிற்கும். அதுவும் ஒன்றல்ல, ஒரே பெயரில் இரண்டு. ஒரு ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாதே! ஒன்று உங்கள் டெஸ்க்டாப்பிலிருந்து வருகிறது, மற்றது பொது டெஸ்க்டாப்பிலிருந்து. இவற்றை அழிக்க வேண்டாம். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய், 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் மறுபடி டிக் போட்டால் இரண்டும் கண்ணைவிட்டு மறைந்துவிடும்.

சரி, உங்கள் ஐகான் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அதன் மேல் ஒருமுறை மட்டும் கிளிக் செய்துவிட்டு, ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டுங்கள். புராப்பர்டீஸ் பெட்டி திறக்கும். அதில் ஜெனரல் பகுதியில் 'லொகேஷன்' என்ற வரியைப் படியுங்கள். உங்கள் பயனர் பெயர் இருக்கிறதா, பப்ளிக் என்று இருக்கிறதா, ஒன்டிரைவ் என்று இருக்கிறதா, அல்லது லொகேஷன் என்ற வரியே இல்லையா? குறித்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

ஐகானின் இடது மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட். அதை அழித்தால் வழிகாட்டிப் பலகை மட்டும்தான் போகும், மென்பொருள் கணினியிலேயே இருக்கும். மென்பொருளே வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். அம்புக்குறி இல்லாவிட்டால் அது பெரும்பாலும் உண்மையான ஃபைல், அல்லது ஃபோல்டர். போனால் போனதுதான் என்ற நினைப்போடு கை வையுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் கிளிக் செய்து எஃப் 5 தட்டுங்கள். ஃபைல் ஏற்கெனவே போயிருந்து, படம் மட்டும் தங்கியிருந்தால் இதிலேயே மறைந்துவிடும். மறையாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பட்டியலில் 'விண்டோஸ் எக்ஸ்புளோரர்' என்பதை வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்ப வரும், பயப்பட வேண்டாம்.

அதற்கும் அசையவில்லையா? கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். இந்த வேறுபாடு பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் கொடுத்தால், சிஸ்டத்தின் உட்பகுதியை அப்படியே டிஸ்கில் சேமித்து வைத்துவிட்டு, மறுமுறை அதையே எடுத்து ஓட்டும். வேகமாகத் திறப்பதற்காக அப்படி. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் கலைந்து முதலிலிருந்து தொடங்கும். 'அணைத்து அணைத்துப் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை' என்பவர்கள் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்ததும் ஃபைல் அழிந்துபோனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

'வேறு மென்பொருளில் திறந்திருக்கிறது' என்று வந்தால்

அதிகம் வருவது இந்தச் செய்திதான். ஒரு மென்பொருள் ஃபைலைப் படித்துக்கொண்டிருக்கும்போது அதைக் காலடியிலிருந்து உருவிவிடக் கூடாது என்று விண்டோஸ் பூட்டு போட்டு வைக்கிறது. செய்தியிலேயே மென்பொருளின் பெயர் இருந்தால் அதை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். மூடிய பிறகும் அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் அதன் பெயரைத் தேடி 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். அதற்கு முன் அந்த மென்பொருளில் சேமிக்காத வேலை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயர் சொல்லாமல் வெறுமனே 'அனதர் புரோகிராம்' என்று மட்டும் வந்தால்? ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறங்கள். இது விண்டோஸோடு வருவதுதான், தனியாக இறக்க வேண்டாம். சிபியு பகுதியில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' என்று ஒரு பட்டை இருக்கும். அதைத் திறந்து, தேடல் கட்டத்தில் ஃபைல் பெயரில் ஒரு பகுதியைத் தட்டச்சு செய்யுங்கள். யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் வந்துவிடும். உங்களுக்குத் தெரிந்த மென்பொருளாக இருந்தால் அங்கேயே வலது கிளிக் செய்து முடித்துவிடலாம். சிஸ்டம் என்றோ, புரியாத பெயரோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதே நல்லது.

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் 'ஃபைல் லாக்ஸ்மித்' என்று ஒரு கருவி உண்டு. அதை நிறுவினால் வலது கிளிக் மெனுவிலேயே பூட்டைக் கண்டுபிடிக்கும் வசதி வந்துவிடும். அடிக்கடி இந்தச் சிக்கல் வருபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். தேடலில் வரும் பெயர் தெரியாத 'அன்லாக்கர்'களை இறக்க வேண்டாம். ஒரு ஃபைலை அழிக்கப் போய் பத்துத் தேவையில்லாத மென்பொருள்களைக் கூட்டிக்கொண்டு வரும் வழி அது.

பெரிய வீடியோ ஃபைலாக இருந்தால், எக்ஸ்புளோரரின் முன்னோட்டப் பலகையே அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஃபோல்டர் சாளரத்தில் ஆல்ட், பி இரண்டையும் அழுத்தினால் பலகை மூடிக்கொள்ளும். வேர்ட் ஆவணங்கள் இருக்கும் இடத்தில் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும் குட்டி ஃபைல் தெரிந்தால், அது அந்த ஆவணம் திறந்திருப்பதற்கான அடையாளம். ஆவணத்தை மூடினால் தானாகப் போய்விடும்.

அனுமதி கேட்டால்

லொகேஷன் வரியில் பப்ளிக் என்று இருந்ததா? அப்படியானால் அந்த ஐகானை நீக்க அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும். கேட்கும்போது கன்டின்யூ கொடுங்கள். உங்கள் கணக்கு சாதாரணக் கணக்காக இருந்தால் அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும். ஒன்று நினைவிருக்கட்டும், இங்கே அழித்தால் அந்தக் கணினியைப் பயன்படுத்தும் மற்றவர்களின் திரையிலிருந்தும் ஐகான் போய்விடும். வீட்டில் ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தினால் கேட்டுவிட்டு அழியுங்கள்.

அலுவலகத்திலோ கல்லூரியிலோ தந்த கணினி என்றால், நிர்வாகிகள் மொத்தமாக எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிய ஐகானாக இருக்கலாம். நீங்கள் அழித்தாலும் மறுபடி வந்துகொண்டே இருக்கும். அதோடு மல்லுக்கட்டாமல் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு வகை, பழைய கணினியின் டிஸ்கிலிருந்து வந்த ஃபைல்கள், அல்லது விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகு மிஞ்சியவை. அவற்றின் உரிமையாளர் இப்போது இல்லாத ஒரு பழைய கணக்கு. பெயர் அதே பெயராக இருந்தாலும் விண்டோஸுக்கு அது வேறு ஆள். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். புராப்பர்டீஸ் பெட்டியில் செக்யூரிட்டி, அதில் அட்வான்ஸ்ட் திறங்கள். மேலே ஓனர் என்ற வரிக்குப் பக்கத்தில் சேஞ்ச் என்று இருக்கும். அதைத் தட்டி, உங்கள் கணக்கின் பெயரை எழுதி, 'செக் நேம்ஸ்' கொடுத்து ஓகே செய்யுங்கள். ஃபோல்டராக இருந்தால் 'ரீப்ளேஸ் ஓனர்' என்று தொடங்கும் வரியில் டிக் போடுங்கள். பெட்டிகளை மூடிவிட்டு மறுபடி செக்யூரிட்டிக்கு வந்து, எடிட் கொடுத்து, உங்கள் பெயருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' தாருங்கள். பிறகு அழியும்.

செய்தியில் 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது விண்டோஸின் சொந்த ஃபைல். எக்காரணம் கொண்டும் அதன் உரிமையை மாற்ற வேண்டாம்.

'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்றால்

கண்ணுக்கு எதிரே ஃபைல் இருக்கும். அழிக்கப் போனால் 'இந்த இடத்தில் இப்போது இல்லை' என்று விண்டோஸ் சொல்லும். புதியவர்களை மிரள வைப்பது இதுதான், வைரஸோ என்று பயந்துவிடுவார்கள். எஃப் 5 தட்டியும் போகவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் பெயரில் இருக்கிறது.

பெயரின் கடைசியில் ஒரு புள்ளியோ ஒரு இடைவெளியோ இருந்தால், விண்டோஸ் அதை வெட்டிவிட்டுத் தேடும். 'கணக்கு' என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்த ஃபைலை அழிக்கச் சொன்னால், புள்ளி இல்லாத 'கணக்கு' எங்கே என்று தேடிப் பார்த்து, காணோம் என்று கையை விரிக்கும். லினக்ஸிலோ மேக்கிலோ இப்படிப் பெயர் வைக்கத் தடையில்லை என்பதால், அங்கிருந்து வரும் ஃபைல்களில் இது நடக்கும். என் அத்தை மகள் ஒருமுறை இரண்டு நாள் இப்படி ஒரு ஃபோல்டரோடு போராடினாள். அவள் படம் எடுத்து அனுப்பியபோது எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசி எழுத்துக்குப் பிறகு இருந்த வெற்று இடம் படத்தில் எப்படித் தெரியும்? பெயரை மாற்றப் போவதுபோல் எஃப் 2 தட்டி, எண்ட் விசையை அழுத்தச் சொன்னேன். கர்சர் எழுத்தை ஒட்டி நிற்காமல் ஓர் இடம் தள்ளி நின்றது. பிடி கிடைத்துவிட்டது.

இதற்குக் கட்டளைச் சாளரம் வேண்டும். இந்தக் கட்டுரையில் கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இது, ஏனென்றால் இங்கே அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. ஃபைலைத் தேர்ந்து, விண்டோஸ் 11-இல் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் செய்து 'காப்பி அஸ் பாத்' கொடுங்கள். ஃபைலின் முழு முகவரி நகலாகிவிடும். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டி, ஈ, எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முகவரியை ஒட்டுங்கள். அது இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும். என்டர் தட்டிவிடாதீர்கள். இடது அம்பு விசையால் பின்னால் போய், முதல் மேற்கோள் குறியை அடுத்து \\?\ என்ற நான்கு குறிகளையும் நுழைத்துவிடுங்கள். 'பெயரைத் திருத்தாதே, நான் தந்தபடியே எடுத்துக்கொள்' என்று விண்டோஸுக்குச் சொல்வது இது. முகவரியின் முடிவில் அந்தப் புள்ளியோ இடைவெளியோ மேற்கோள் குறிக்கு முன்னால் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இப்போது என்டர்.

ஃபோல்டராக இருந்தால் அந்த மூன்று எழுத்துக்குப் பதில் ஆர், டி என்ற இரண்டு எழுத்து. உள்ளே ஏதாவது இருந்தால் அந்த இரண்டு எழுத்தை அடுத்து ஓர் இடைவெளி விட்டு, /s என்று சேர்க்க வேண்டும். நிச்சயமா என்று கேட்கும். ஒய் கொடுத்தால் உள்ளே இருப்பவை எல்லாம் போய்விடும், எனவே வேண்டியதை முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

கான் (CON), பிஆர்என் (PRN), ஏயுஎக்ஸ் (AUX), நல் (NUL) போன்ற பெயர்களுடைய ஃபைல்களுக்கும் இதே வழிதான். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்து இந்தப் பெயர்கள் விசைப்பலகை, பிரிண்டர் போன்ற சாதனங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அதனால் ஃபைலை விட்டுவிட்டுச் சாதனத்தைக் கூப்பிடும்.

பெயர் மிக நீளம் என்று செய்தி வந்தால் கட்டளை தேவையில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் மொத்த முகவரி 260 எழுத்தைத் தாண்டியிருக்கும். வெளியே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சுருக்கிவிட்டு அழியுங்கள்.

டெலீட் என்ற வரியே இல்லையென்றால்

இது மூன்றாம் வகை, வரைந்து காட்டும் படம். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதில் தீம்ஸ், அதில் 'டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்' போங்கள். வேண்டாதவற்றின் டிக்கை எடுத்து ஓகே செய்தால் போதும். ரீசைக்கிள் பின்னை மறைத்தாலும் அது பின்னால் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

விண்டோஸ் 11-இல் 'லேர்ன் அபௌட் திஸ் பிக்சர்' என்று ஒரு ஐகான் பலரைத் தொந்தரவு செய்கிறது. பின்னணிப் படம் ஸ்பாட்லைட் என்று இருப்பதால் வருவது அது. பெர்சனலைசேஷனில் பேக்கிரவுண்டை பிக்சர் என்று மாற்றினால் கூடவே போய்விடும்.

நீக்கிவிட்ட மென்பொருளின் படம் மட்டும் இப்படித் தங்கியிருந்தால், அதே மென்பொருளை மறுபடி நிறுவி, முறையாக அன்இன்ஸ்டால் செய்து பாருங்கள். பல சமயம் அதுவே தன் சுவடுகளைத் துடைத்துக்கொண்டு போகும். அதுவும் பலிக்காதபோதுதான் ரெஜிஸ்ட்ரி எடிட்டர். அங்கே கரண்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்புளோரர், டெஸ்க்டாப், நேம்ஸ்பேஸ் என்று இறங்கினால் இந்தப் படங்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றையும் கிளிக் செய்தால் வலப்பக்கம் பெரும்பாலும் மென்பொருளின் பெயர் தெரியும். உங்களுடையதை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு அழியுங்கள். பெயர் தெரியாததைத் தொடாதீர்கள். ரெஜிஸ்ட்ரிக்குப் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

போய்விட்டுத் திரும்ப வந்தால்

ஏதோ ஒரு மென்பொருள் கணினி திறக்கும்போதெல்லாம் ஐகானை மறுபடி போடுகிறது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பார்த்து, சம்பந்தப்பட்டதை டிஸேபிள் செய்யுங்கள். நீங்கள் நிறுவாத, பெயரே கேள்விப்படாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது. விண்டோஸ் திறப்பதற்கு முன்பே ஓடுவதால், ஒளிந்திருப்பவை தப்பிக்க வழி குறைவு.

லொகேஷனில் ஒன்டிரைவ் என்று இருந்தால் உங்கள் டெஸ்க்டாப் இணையச் சேமிப்போடு இணைந்திருக்கிறது. ஒத்திசைவு பாதியில் நின்றிருந்தால் அழித்தது திரும்ப வரும். டாஸ்க்பாரில் உள்ள மேகக் குறியைத் திறந்து ஒத்திசைவு முடிந்ததா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். இங்கே அழிப்பது அதே கணக்கில் இணைந்த உங்கள் மற்றக் கணினிகளிலிருந்தும் போகும், இதை மறந்து தவிப்பவர்கள் நிறைய. தவறிப் போய்விட்டால் பதறாமல் ஒன்டிரைவின் இணையப் பக்கத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னைத் திறங்கள். தனிநபர் கணக்குகளில் 30 நாள் வரை அங்கே காத்திருக்கும்.

மேக்கில்

ஃபைலைத் தேர்ந்து கமாண்ட், ஐ அழுத்துங்கள். 'லாக்டு' என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டிஸ்க் ஐகான்கள் தெரிவது பிடிக்கவில்லை என்றால் ஃபைண்டர் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் மறைக்கலாம். ஃபைலை யாரோ பிடித்து வைத்திருந்தால் அங்கேயும் ரீஸ்டார்ட்தான் முதல் மருந்து.

எதற்கும் மசியாவிட்டால்

விண்டோஸை சேஃப் மோடில் திறந்து பாருங்கள். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் தட்டினால் நீலத் திரை ஒன்று வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், பட்டியல் வந்ததும் 4 அழுத்துங்கள். மிகத் தேவையானவை மட்டும் ஓடுவதால், பிடித்து வைத்திருந்த மென்பொருள் பெரும்பாலும் அங்கே இருக்காது. பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு உள்ள கணினியில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கக்கூடும். அதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இந்தப் படியில் இறங்க வேண்டாம்.

'கரப்டட் அண்ட் அன்ரீடபிள்' என்று செய்தி வந்தால் சிக்கல் ஃபைலில் இல்லை, டிஸ்கில் இருக்கிறது. அழிப்பதை ஒத்திவைத்துவிட்டு, முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறொரு டிஸ்குக்கு நகலெடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், தேய்ந்துவரும் டிஸ்க் எப்போது மொத்தமாக நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நகல் எடுத்த பிறகு எக்ஸ்புளோரரில் சி டிரைவை வலது கிளிக் செய்து, புராப்பர்டீஸ், டூல்ஸ், செக் கொடுங்கள். பிழை இருந்தால் சரிசெய்ய ரீஸ்டார்ட் கேட்கும். அது முடிய நேரம் எடுக்கலாம், நடுவில் மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். மடிக்கணினியானால் சார்ஜரில் போட்டுவிட்டே தொடங்குங்கள். சோதனை முடிந்து டெஸ்க்டாப் வந்ததும் எஃப் 5 தட்டிவிட்டு, மறுபடி டெலீட் கொடுத்துப் பாருங்கள்.